அமரர் என்னும் சொல்: படிப்பதற்கும் எழுதுவதற்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழந்தமிழ்ச் செய்யுளைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களும், இதழ்களிலும் அச்சகங்களிலும் மெய்ப்புத் திருத்தும் பணிக்குப் புதிதாக வந்தவர்களும் விரைவிலேயே எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘அமரர்’. அகராதியைத் திறந்தால் இறப்பில்லாதவர், தேவர் என்று பொருள் கிடைக்கும். அதே நாளில் செய்தித்தாளின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் பார்த்தால், அங்கே இறந்துபோனவர் பலரின் பெயருக்கு முன்னும் அந்தச் சொல்லே நிற்கும். சாகாதவரைக் குறிக்கும் சொல் செத்தவருக்கு எப்படி வந்தது என்று திகைக்க வேண்டியதில்லை. இரண்டு வழக்குகளும் சரியானவை. இரண்டுக்கும் நீண்ட வேர் உண்டு. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைச் சொல்லின் வடிவத்தைக் காட்டிலும் அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. அந்த இடத்தை அறிந்து பொருள் கொள்வதற்கும், பின்னர் பிழையின்றி எழுதுவதற்கும் கைக்கொள்ளத்தக்க முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: இரண்டு வேர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘அமரர்’ வடமொழியிலிருந்து வந்த சொல். ‘மர’ என்பது சாதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. அதன் முன் ‘அ’ என்னும் எதிர்மறை சேர்ந்து ‘அமர’ ஆகிறது. மரணம், மிருத்யு, அமிர்தம் ஆகிய சொற்களும் அதே வேரைச் சேர்ந்தவை. ஆகவே அமரரையும் அமிர்தத்தையும் ஒரே குடும்பத்துச் சொற்களாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதைகளிலும் அவை ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை.

இதற்கு முற்றிலும் வேறாகத் தமிழில் ‘அமர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு விரும்புதல், பொருந்துதல், தங்குதல், இருத்தல், போர் என்று பல பொருள்கள் உண்டு. தொல்காப்பியத்தின் உரியியல் ‘அமர்தல் மேவல்’ என்று இதன் விருப்பப் பொருளைச் சொல்கிறது. ‘அகனமர்ந்து ஈதலின் நன்றே முகனமர்ந்து இன்சொலன் ஆகப் பெறின்’ என்னும் குறளில் (92) வருவது இந்த அமர்தலே. நாற்காலியில் அமர்வதும், நீதிமன்றத்தின் அமர்வும், அமரிக்கையாகப் பேசுவதும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. போர் என்னும் பொருளிலிருந்து வந்ததே ‘அமர்க்களம்’. இன்று அது ஆரவாரத்தைக் குறிக்கிறது என்றாலும் முதலில் அது போர்க்களந்தான்.

இந்த இரு குடும்பங்களும் ஒரே வரியில் வருவதைப் பார்க்க விரும்புவோர்க்குக் கந்த சஷ்டி கவசத்தின் காப்பைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ‘அமரர் இடர்தீர அமரம் புரிந்த குமரனடி நெஞ்சே குறி’ என்று அது வேண்டுகிறது. முதலில் வரும் அமரர் தேவர். அடுத்து வரும் அமரம் போர். சூரபதுமனால் தேவர்கள் அடைந்த துன்பம் நீங்கப் போர் புரிந்தவன் முருகன் என்று பொருள் கொள்ள வேண்டும். நாள்தோறும் பல இல்லங்களில் ஓதப்படும் இந்த அடியைப் பொருளறிந்து ஓதுபவருக்கு, இரண்டு வேர்களின் வேறுபாடு தானாகவே மனத்தில் பதிந்துவிடும்.

புதியவர்கள் இடறும் இன்னொரு வடிவம் ‘அமரகம்’. ‘அமரகத்து வன்கண்ணர் போலத் தமரகத்தும் ஆற்றுவார் மேற்றே பொறை’ (குறள் 1027) என்பதைத் தேவருலகத்தோடு இணைத்துவிடக் கூடாது. இது அமர் + அகம் என்று பிரியும். போர்க்களத்தின் நடுவே என்பது பொருள். குடும்பத்தின் சுமையைத் தாங்குபவரைப் போர்க்களத்தில் முன்னிற்கும் வீரரோடு ஒப்பிடுகிறது அந்தக் குறள். அதேபோல ‘அமரார்’ என்று ரகரம் நீண்டு வந்தால் பொருந்தாதவர், அதாவது பகைவர் என்று பொருள். ஒரே ஒரு நெடில் தேவரைப் பகைவராக்கிவிடும் என்பதால், செய்யுளைப் படியெடுக்கும்போது இந்த இடத்தில் கண் ஒருமுறை நின்று செல்ல வேண்டும்.

பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. தமிழ் ‘அமர்’ அஃறிணைப் பெயராக நின்று வல்லெழுத்தில் தொடங்கும் சொல்லோடு வேற்றுமைப் புணர்ச்சியில் சேரும்போது வல்லினம் மிகும்: அமர்க்களம். ‘அமரர்’ உயர்திணைப் பெயர். உயர்திணைப் பெயரின் ஈற்று மெய்யின் முன் வல்லினம் இயல்பாகவே நிற்கும் என்பது நன்னூல் விதி. ஆகவே அமரர் கோன், அமரர் பதி, அமரர் தலைவன் என்று எழுதுகிறோம். வடமொழித் தொகையாக வரும்போது ஈற்று ‘ர்’ தோன்றாது. அமரகவி, அமரகாவியம், அமரபதவி என்பன போல வரும். ஒரு சொல்லைப் பார்த்ததும் இந்த மூன்று வடிவங்களுள் எது என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலான குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: தனித்து நிற்கும் அமரர் தேவரே என்று கொள்ளுங்கள்

செய்யுளில் ‘அமரர்’ எந்த மனிதரின் பெயரோடும் சேராமல் தனியாக வந்தாலும், கோன், ஏறு, உலகு, கணம் போன்ற சொற்களுக்கு முன்னால் வந்தாலும் அது தேவர்களையே குறிக்கும். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ‘அறுபொருள் இவனென்றே அமரர்கணம் தொழுதேத்த’ என்று வருவது தேவர் கூட்டத்தை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் ‘அச்சுதா அமரர் ஏறே ஆயர்தம் கொழுந்தே’ என்று அழைப்பதில் உள்ள நயத்தைக் கவனிக்க வேண்டும். மேலே தேவர்களுக்குத் தலைவனாக இருப்பவனே கீழே இடையர் குலத்தின் தளிராகவும் இருக்கிறான். எட்டாத உயரத்தையும் எளிமையையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டவே அங்கே அமரர் என்ற சொல் வருகிறது. அமரர் கோன் என்றால் பெரும்பாலும் இந்திரன். ஆனால் பக்திப் பாடல்களில் சிவனையும் திருமாலையும் முருகனையும் அவ்வாறே அழைப்பதுண்டு என்பதால், பாடப்படும் தெய்வம் யார் என்பதைப் பாடலின் முழுமையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த அமரர் எத்தனை பேர் என்று கேட்டால் மரபு முப்பத்து மூவர் என்று சொல்லும். ஆதித்தர் பன்னிருவர், உருத்திரர் பதினொருவர், வசுக்கள் எண்மர், தேவ மருத்துவர்களான அசுவினியர் இருவர் என்று நான்கு வகையினர். திருமுருகாற்றுப்படை ‘நால்வேறு இயற்கைப் பதினொரு மூவர்’ என்று பெருக்கல் கணக்காகக் குறிப்பது இவர்களைத்தான். பிற்காலத்தில் முப்பத்து முக்கோடி என்று வழங்கும் தேவர்களும் இந்த எண்ணிலிருந்து விரிந்தவர்களே.

இவர்களுக்குச் சாவின்மை பிறப்பிலேயே வந்ததாகப் பாற்கடல் கதை சொல்லவில்லை. மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு கடைந்து, அதில் எழுந்த அமுதத்தை உண்ட பின்னரே அவர்கள் சாவை வென்றார்கள். திருக்கடையூரில் இறைவனுக்கு அமிர்தகடேசுவரர் என்று பெயர் வழங்குவதும், மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த கதை அத்தலத்தோடு இணைந்திருப்பதும், அறுபதாம் ஆண்டு நிறைவுக்கும் எண்பதாம் ஆண்டு நிறைவுக்கும் தம்பதியர் அங்கே செல்வதும் இந்த அமுதக் கதையின் தொடர்ச்சியாகவே இன்றும் நிலைத்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அமரர் என்றதும் அழிவே அற்றவர் என்று முழுமையான பொருளில் எடுத்துக்கொண்டால் புராணங்களைப் படிக்கும்போது முரண்பாடுகள் தோன்றும். அமரர்கள் அசுரரிடம் தோற்கிறார்கள், சிறைப்படுகிறார்கள், பதவியை இழக்கிறார்கள். மன்வந்தரம் என்னும் பெரும் காலப்பகுதிதோறும் இந்திரன் மாறுகிறான். பிரமனுக்கே ஆயுளுக்கு ஓர் எல்லை உண்டு. மனிதரின் கணக்கில் பார்க்கும்போது சாகாதவர்கள் என்பதே இச்சொல்லின் நுட்பமான பொருள். அதனால்தான் சைவ மரபு தேவர்களுக்கும் மேலே, பிறப்பு இறப்பு இரண்டும் இல்லாதவனாகச் சிவனை வைக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கோயில்களைச் சொல்லும்போது ‘பிறவா யாக்கைப் பெரியோன் கோயிலும்’ என்று தொடங்குவது இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டது. இறவாதவர் பலர் இருக்கலாம். பிறவாதவன் ஒருவனே என்பது அதன் குறிப்பு.

வைணவ உரைகளைப் படிப்போர் இன்னொரு நுட்பத்தையும் அறிந்திருக்க வேண்டும். நம்மாழ்வாரின் திருவாய்மொழி முதற்பாசுரத்தில் ‘அயர்வறும் அமரர்கள் அதிபதி யவனவன்’ என்று வரும் இடத்தில், உரையாசிரியர்கள் அமரர்களை இந்திரன் முதலிய தேவர்களாகக் கொள்வதில்லை. மறதி என்பதே இல்லாமல் வைகுந்தத்தில் எப்போதும் இறைவனை அனுபவிக்கும் நித்தியசூரிகளே அந்த அமரர்கள். ‘அயர்வறும்’ என்ற அடைமொழி அங்கே அந்தப் பொருளுக்கு வழிகாட்டுகிறது. அடைமொழியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்தால் பாசுரத்தின் உயிர் நழுவிவிடும்.

மூன்றாம் படி: அண்டை வீட்டுச் சொற்களை அறிந்துகொள்ளுங்கள்

தேவர்களைக் குறிக்கத் தமிழில் வானோர், விண்ணோர், விண்ணவர், உம்பர், புத்தேளிர், இமையவர், சுரர் என்று பல சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தேவரை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. வானோரும் விண்ணோரும் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன; இமையவர், கண் இமைக்காதவர் என்று உடலின் இயல்பைச் சொல்கிறது; அமரர் ஆயுளைச் சொல்கிறது. நளவெண்பாவில் நளனைப் போலவே உருக்கொண்டு வந்த தேவர்களுக்கு நடுவே உண்மையான நளனைத் தமயந்தி கண்டுபிடிப்பது, அவன் கண் இமைத்ததையும், அடிகள் நிலத்தில் தோய்ந்ததையும், சூடிய மாலை வாடியதையும் கண்டுதான். திருவள்ளுவர் ‘இமையாரின் வாழினும்’ (906) என்றும், ‘புத்தேளிர் வாழும் உலகு’ (58) என்றும், ‘அடக்கம் அமரருள் உய்க்கும்’ (121) என்றும் இடத்துக்கு ஏற்றவாறு சொல்லை மாற்றுகிறார். யாப்புக்காக மட்டும் மாற்றினார் என்று கடந்து செல்லாமல், அந்த இடத்தில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பழகுவது நல்ல பயிற்சி.

நிகண்டுகள் என்னும் பழைய செய்யுள் அகராதிகளைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். திவாகரத்தின் முதல் தொகுதியே தெய்வப் பெயர்களுக்கு உரியது. வடமொழியில் அமரகோசம் தேவர்களுக்கான பெயர்களை ‘அமரா நிர்ஜரா தேவா:’ என்று தொடங்குகிறது. அமரகோசம் என்னும் பெயர் மட்டும் இந்த அமரரைக் குறிப்பதன்று. அதனை இயற்றிய அமரசிம்மரின் பெயரால் அமைந்தது அது.

இறவாமையைத் தமிழ் வேரிலேயே சொல்ல விரும்பினால் ‘சாவா’, ‘சாகா’ என்ற வடிவங்கள் இருக்கின்றன. ‘சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று’ (குறள் 82) என்று அமுதத்தைக் குறிப்பதும், புறநானூற்றில் (182) கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி ‘இந்திரர் அமிழ்தம் இயைவதாயினும்’ தனித்து உண்ணாத சான்றோரைப் போற்றுவதும் ஒரே அறத்தைச் சொல்கின்றன. சாகாமையைத் தரும் உணவே கிடைத்தாலும் விருந்தினரை விட்டு உண்ணலாகாது என்னும் எண்ணம், அமரராவதைக் காட்டிலும் மனிதராக இருப்பதை உயர்த்துகிறது. வள்ளலார் பேசும் சாகாக்கல்வியும் மரணமிலாப் பெருவாழ்வும் வேறொரு தளத்தைச் சேர்ந்தவை. அங்கே சாவின்மை என்பது தேவருலகப் பதவி அன்று. சீவகாருணிய ஒழுக்கத்தின் வழியே மனிதர் அடையத்தக்க நிலை. வள்ளலாரைப் பற்றி எழுதும்போது ‘அமரத்துவம்’ என்று சொல்லை மாற்றிவிட்டால் அவருடைய கருத்தே மாறிவிடும்.

நான்காம் படி: பெயருக்கு முன்னால் நின்றால் மறைந்தவர் என்று கொள்ளுங்கள்

ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ அடைமொழியாக வந்தால் அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். 1954 திசம்பர் 5ஆம் நாள் மறைந்த கல்கி, இன்றுவரை அமரர் கல்கி என்றே பல இடங்களில் குறிப்பிடப்படுகிறார். அந்த அடைமொழி அவர் பெயரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இலங்கையில் இவ்வழக்கு இன்னும் பரவலானது. 1999ஆம் ஆண்டு மறைந்த மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானை அமரர் தொண்டமான் என்றே அங்கே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் உடலை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ‘அமரர் ஊர்தி’ என்று பெயர். பிண வண்டி என்று சொல்லப்பட்டதற்கு மாற்றாக, துயரத்தில் இருப்போரின் மனம் நோகாத ஒரு சொல் அரசு மருத்துவமனைகளிலும் தெருக்களிலும் நிலைபெற்றிருப்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

சாகாதவரைக் குறித்த சொல் செத்தவருக்கு வந்த வழியைத் திருக்குறளே காட்டுகிறது. ‘அடக்கம் அமரருள் உய்க்கும்’ என்றால், அடக்கம் ஒருவரை இறந்தபின் தேவர்களுள் ஒருவராகச் சேர்க்கும் என்று பொருள். ‘வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்’ (50) என்பதும் இதே எண்ணம். நன்றாக வாழ்ந்தவர் இங்கே மறைகிறார். அங்கே அமரருள் ஒருவராகிறார்.

இந்த எண்ணம் குறளுக்கும் முந்தைய சங்கப் பாடல்களில் உயிரோட்டமான காட்சியாகவே கிடைக்கிறது. வள்ளல் ஆய் அண்டிரன் இறந்தபோது உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாடலை (241) ஒருமுறையேனும் முழுதாகப் படிக்க வேண்டும். இரவலர்க்குத் தேர்களை ஈந்த அண்டிரன் வருகிறான் என்று, வச்சிரப் படையை உடைய இந்திரனின் கோயிலில் முரசு முழங்குகிறதாம். அந்த ஒலி வானத்தில் எழுகிறதாம். மண்ணில் ஓர் இழவு வீடு, விண்ணில் ஒரு வரவேற்பு விழா. பாடலில் அமரர் என்ற சொல் இல்லை. ஆயினும், இறந்தவரின் பெயருக்கு முன்னால் நாம் இன்று அச்சொல்லை இடும்போது எண்ணுவது ஏறத்தாழ இதைத்தான். ‘இறந்தார்’ என்னும் சொல் இங்கிருந்து பார்க்கிறது; ‘அமரரானார்’ என்னும் சொல் அங்கிருந்து பார்க்கிறது.

ஐந்தாம் படி: நீங்களே எழுதும்போது

எழுதத் தொடங்கும் முன் முதலில் உறுதி செய்ய வேண்டியது, குறிப்பிடப்படுபவர் உண்மையில் காலமானவரா என்பது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் நினைவு மலர்களிலும் அழைப்பிதழ்களிலும் பட்டியலாகப் பல பெயர்கள் வரும்போது ஒரு வரியின் அடைமொழி அடுத்த வரிக்குத் தாவிவிடுவது எளிதில் நிகழக்கூடியது. உயிரோடிருப்பவரின் பெயருக்கு முன் அச்சான அமரர் என்ற சொல்லை எந்தத் திருத்தக் குறிப்பாலும் அழித்துவிட முடியாது. ஆகவே பட்டியலைத் தந்த குடும்பத்தாரிடமே ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவதை விதியாகவே கொள்ளுங்கள்.

அடுத்து, மறைந்தவரின் சமயமும் கொள்கையும். அமரர் என்னும் சொல் தேவருலக நம்பிக்கையிலிருந்து பிறந்தது. அது இந்துக் குடும்பங்களில் இயல்பாகப் பொருந்தும். முஸ்லிம் ஒருவரைக் குறிப்பிடும்போது மர்ஹூம் என்பதும், பெண்ணாயின் மர்ஹூமா என்பதும் வழக்கு. இறப்பைச் சொல்ல வஃபாத் ஆனார் என்பார்கள். கிறித்தவர்களிடம் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற தொடரைக் காணலாம். சைவர்கள் சிவபதமடைந்தார் என்றும், வைணவர்கள் பரமபதித்தார், ஆசாரியன் திருவடி அடைந்தார் என்றும் எழுதுவார்கள். கடவுள் மறுப்பாளர்களும் பகுத்தறிவு இயக்கத்தவரும் ‘இயற்கை எய்தினார்’ என்பதையே விரும்புவார்கள். வாழ்நாள் முழுவதும் தேவருலகை மறுத்த ஒருவரை இறந்தபின் அமரராக்குவது அவருடைய வாழ்க்கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. குடும்பத்தின் விருப்பம் தெரியாதபோது ‘காலஞ்சென்ற’ அல்லது ‘மறைந்த’ என்று எழுதுங்கள். இவ்விரண்டும் எவர்க்கும் பொருந்துவன, எவரையும் புண்படுத்தாதவை. தமிழ்நாட்டில் பேச்சிலும் அழைப்பிதழ்களிலும் வழங்கும் ‘லேட்’ என்ற சொல்லைக் காட்டிலும் இவை எவ்வளவோ மேலானவை என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கைத் தமிழரின் அறிவித்தல்களுக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதுவே தொடர்கிறது. இறப்பை முதன்முதலில் அறிவிக்கும் மரண அறிவித்தலில் பெரும்பாலும் பெயருக்கு முன் திரு அல்லது திருமதி என்று இருக்கும். முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியிலும் ஆண்டு நினைவஞ்சலியிலும் அது அமரர் என்று மாறும். அறிவித்தலின் உள்ளே ‘அன்னார், காலஞ்சென்றவர்களான…’ என்று தொடங்கி மறைந்த பெற்றோரையும் மாமன் மாமியாரையும் முதலில் குறித்து, பிறகு உயிரோடிருக்கும் உறவுகளைச் சொல்வார்கள். இங்கே ‘காலஞ்சென்றவர்களான’ என்ற சொல்லின் எல்லை எந்தப் பெயரோடு முடிகிறது என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டாவிட்டால், உயிரோடிருப்பவரும் அதற்குள் அகப்பட்டுவிடுவார். யாழ்ப்பாணத்தில் ‘கல்வெட்டு’ என்று அழைக்கப்படும் நினைவு மலரைத் தொகுப்பவர்களும் இந்த இடத்தில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

இலக்கணத்தைப் பொறுத்தவரை சில குறிப்புகள் போதும். அமரர் என்பது ரகர ஈற்று உயர்வுப் பன்மை ஆதலால் ஆண், பெண் இருபாலருக்கும் அப்படியே வரும். ஒருமையில் ‘அமரன்’ என்று இறந்தவரின் பெயருக்கு முன் இடும் வழக்கம் இல்லை. ‘அமரர் திரு’ என்று இரண்டு அடைமொழிகளை அடுக்குவதைத் தவிர்க்கலாம். ஒன்றே போதிய மரியாதையைத் தந்துவிடுகிறது. வினையாக்க வேண்டுமானால் அமரரானார், அமரத்துவம் எய்தினார் என்று எழுதலாம்; ‘அமரர் ஆகிவிட்டார்’ என்று பேச்சு வழக்கு கலந்த வடிவம் அறிவிப்புகளுக்குப் பொருந்தாது. ‘மறைந்த அமரர்’, ‘காலஞ்சென்ற அமரர்’ என்று எழுதுவது கூறியது கூறல்.

எவ்வளவு காலத்துக்கு முந்தியவர்களுக்கு இந்த அடைமொழியை இடலாம் என்ற கேள்வியும் எழும். நம் நினைவுக்கும் நம் தந்தையர் நினைவுக்கும் எட்டிய காலத்தவர்களுக்கே இது பொருந்துகிறது. அமரர் திருவள்ளுவர் என்றோ அமரர் கம்பர் என்றோ எவரும் எழுதுவதில்லை. அவர்கள் இறந்தார்கள் என்ற செய்தியை யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை அல்லவா. ஆனால் பாரதியின் கவிதையை ‘அமரகவிதை’ என்று சொல்லலாம். அங்கே அமர என்பது நூலின் அழியாமையைக் குறிக்கும் அடைமொழி. ஆளுக்கு முன் வந்தால் மறைவு, படைப்புக்கு முன் வந்தால் அழியாமை என்னும் இந்த வேறுபாட்டை மறவாதீர்கள்.

ஆறாம் படி: பெயர்களில் வரும்போது பொருளைத் தேடி அலையாதீர்கள்

அமராவதி இந்திரனின் தலைநகர். அந்தப் பெயரைத் தாங்கிய ஆறு தாராபுரம் வழியாக ஓடிக் கரூர்ப் பகுதியில் காவிரியோடு கலக்கிறது. சங்க நூல்கள் அதனை ஆன்பொருநை என்று சொல்லும். கிருட்டிணை ஆற்றங்கரையில் ஆந்திரத்திலும் ஓர் அமராவதி உண்டு. அமரநீதி, அமரேசன், அமரேந்திரன் போன்ற ஆட்பெயர்களில் அமரர் தேவரே. பழையாறையில் வணிகராக வாழ்ந்த அமரநீதி நாயனாரின் பெயரும் அத்தகையதே. வடஇந்தியப் பெயர்களில் ‘அமர்’ என்று மட்டும் வந்தால் அதைத் தமிழின் போர் என்ற பொருளோடு கலந்துவிடக் கூடாது. தில்லி இந்தியா கேட்டில் 1972ஆம் ஆண்டு முதல் எரிந்த ‘அமர் ஜவான் ஜோதி’ போர்வீரர்களுக்கானது என்பதால், தமிழ் வாசகர் அதைப் போர் வீரர் சோதி என்று புரிந்துகொள்ள வாய்ப்பு மிகுதி. அங்கே அமர் என்பது இந்திச் சொல். மறைவில்லாத வீரன் என்பதே பொருள். 2022ஆம் ஆண்டு சனவரியில் அந்தச் சுடர் தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு சேர்க்கப்பட்டது.

ஏழாம் படி: சிரஞ்சீவியையும் அமரரையும் இடம் மாற்றாதீர்கள்

அகராதிப் பொருளில் மிக நெருங்கியும் வழக்கில் எதிரெதிராகவும் நிற்கும் இரண்டு சொற்கள் இவை. சிரஞ்சீவி என்றால் நெடுங்காலம் வாழ்பவர். அசுவத்தாமன், மாவலி, வியாசர், அனுமன், வீடணன், கிருபர், பரசுராமர் ஆகிய எழுவரைச் சிரஞ்சீவிகள் என்று மரபு சொல்லும். மார்க்கண்டேயரையும் சேர்த்து எண்மர் என்பதும் உண்டு. இவர்கள் தேவருலகத்துக்குச் சென்றவர்கள் அல்லர். இந்த மண்ணிலேயே சாகாமல் இருப்பவர்கள். அவர்களுள் அசுவத்தாமனுக்கு அது வரமாக இல்லாமல் சாபமாகவே வாய்த்தது. எனவே கதைகளை மறுபடி சொல்லும்போது அனுமனைச் சிரஞ்சீவி என்றே எழுத வேண்டும். அமரர் அனுமன் என்று எழுதினால் வாசகர் வேறு பொருள் கொள்வார்.

திருமண அழைப்பிதழில் மணமகனின் பெயருக்கு முன் ‘சிரஞ்சீவி’ அல்லது சுருக்கமாகச் ‘சிரஞ்.’ என்றும், மணமகளின் பெயருக்கு முன் ‘சௌபாக்கியவதி’ அல்லது ‘சௌ.’ என்றும் இடுவது நீண்ட ஆயுளும் மங்கலமும் பெறுக என்னும் வாழ்த்து. அதே அழைப்பிதழில், சில வரிகளுக்கு மேலே, மறைந்துபோன தாத்தாவின் பெயருக்கு முன் அமரர் என்று இருக்கும். இறவாமையைச் சொல்லும் சொல் மறைந்தவருக்கும், நீடு வாழ்தலைச் சொல்லும் சொல் வாழத் தொடங்குபவருக்கும் என்று ஒரே தாளில் வழக்கு பிரித்து வைத்திருக்கிறது. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றிப் புதிய அழைப்பிதழ் அமைக்கும் இன்றைய அச்சுமுறையில், அடைமொழிகள் முந்தைய குடும்பத்தினுடையவையாகவே தங்கிவிடும் அபாயம் உண்டு. ஆகையால் அடைமொழிகள் அனைத்தையும் முதலிலேயே நீக்கிவிட்டு, பெயர்களை நிரப்பிய பின்னர் ஒவ்வொன்றையும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். மெய்ப்பைக் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடம் காட்டும்போது, பெயர்களின் எழுத்துகளைக் காட்டிலும் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் சொற்களைப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கையொப்பமிட்ட மெய்ப்பு வந்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.